இடமிருந்து வலமாக

வேலூர் சைதாப்பேட்டையில் நைனா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். மெட்ராஸ் சைதாப்பேட்டை இல்லை, எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ஷட்டர், ஒரு தராசு, கூரை வரைக்கும் பேப்பர் கட்டு, இடுக்கில் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குப் பிரிக்கிற வேலை. தமிழ்ப் பேப்பர் ஒரு பக்கம், இங்கிலீஷ் பேப்பர் ஒரு பக்கம், நோட்டு தனி, அட்டை தனி. இங்கிலீஷ் பேப்பருக்கு எப்போதும் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட. ஏன் என்று கேட்டால் நைனா, "அவங்க பேப்பரு மடிப்பு கலையாம வருது" என்பார். தமிழ்ப் பேப்பர் டீக்கடையில் நாலு பேர் கைமாறி, மேலே டம்ளர் வைத்த வட்டக் கறையோடு வரும். பாகாயம் பக்கம் டாக்டர் வீடுகளிலிருந்தும் காட்பாடியில் பேராசிரியர் வீடுகளிலிருந்தும் வருகிற இங்கிலீஷ் பேப்பர் சில சமயம் பிரிக்காமலேயே வந்து சேரும்.

அந்தக் கட்டுகளுக்குள் இருந்த இணைப்பிதழ்களை நான் தனியாக எடுத்து வைத்துக்கொள்வேன். முதல் பக்கத்தில் ஒரு நடிகை, உள்ளே ஓட்டல் ஒன்றில் ஏதோ ஒரு நாட்டுச் சாப்பாட்டுத் திருவிழா, கடைசியில் பார்ட்டி போட்டோக்கள். ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழேயும் பெயர்கள். இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாது, ஆனால் பெயர்களைப் படிக்க முடியுமே. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து அந்த ஆட்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒரு பெண்மணி வாரம் தவறாமல் வருவார், திடீரென்று மூன்று வாரம் ஆளைக் காணோம், எனக்குக் கவலையாகிவிட்டது. நாலாவது வாரம் ஓர் ஓவியக் கண்காட்சியில் கையில் மாவுக்கட்டோடு நின்றார், கட்டின் மேல் சேலைக்குத் தோதான துணி சுற்றியிருந்தது. அப்பாடா என்றிருந்தது. இத்தனைக்கும் அவர் யார், என்ன செய்கிறார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அத்தை அப்போது ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவர் என் கையிலிருந்த இணைப்பிதழை வாங்கிப் பார்த்தார். பாதிப் பக்கத்துக்கு ஒரு பெண்கள் ஷூ, பழுப்பு நிறம், ஓரத்தில் மெல்லிய இரட்டைத் தையல். அத்தை பக்கத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், "இது நம்ம லைன்ல ஓடின மாடலு மாதிரி கீதே" என்றார். விரலால் தையலைத் தடவினார். "தோ பாரு, ரெண்டு ஊசி. ஓரத்த ஸ்கைவிங்ல சரியா சீவலன்னா இந்த எடத்துல தடிச்சிக்கும், ஷூவோட மேல்பாகம், அதான் அப்பர், மொத்தமும் ரிஜெக்ட்டு. இதுக்கு எங்க சூப்பர்வைசரு உசுர வாங்கினாரு." விலை என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் வாயைப் பிளக்கவில்லை. "ஈரத்துல போட்டுகினு நடக்கக்கூடாதுன்னு எழுதிகிறாங்களா?" என்றார். எழுதவில்லை. "எழுதணும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மாதிரிப் பக்கங்களில் எதையெல்லாம் எழுத மாட்டார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது அத்தைதான் என்று இப்போது தோன்றுகிறது. பொருள் எப்படி இருக்கும், எத்தனை நாள் உழைக்கும், மழையில் என்னாகும், இதெல்லாம் அங்கே வராது. அதை யார் போட்டுக்கொண்டு எங்கே போனார்கள் என்பது வரும்.

பிறகு காலம் எப்படியோ சுற்றி, கல்லூரி முடித்ததும் சென்னையில் ஓர் இங்கிலீஷ் பேப்பரின் இணைப்பிதழ் மேசையிலேயே வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். இரண்டரை வருடம் இருந்தேன். முதல் வாரமே மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார், கட்டுரையில் ஒரு வரி பிசகினால் யாரும் கேட்க மாட்டார்கள், படத்துக்குக் கீழே ஒரு பெயர் பிசகினால் விடிந்ததும் போன் வரும் என்று. போட்டோகிராபர் பார்ட்டியிலிருந்து வந்ததும் கேமராவை அப்புறம்தான் எடுப்பார், முதலில் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு வரும். பச்சைச் சேலை, பெரிய மூக்குத்தி, இன்னார். நீலக் கோட்டு, அவருடைய மச்சான். நோட்டையும் படத்தையும் வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு தலையாக எண்ணிப் பெயர் போடுவோம். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் வம்பு, ஏனென்றால் எண்கணிதம் பார்த்துப் பெயரில் எழுத்துச் சேர்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம்.

நானும் மாட்டினேன். ஒரு நாள் இரண்டு பெயர்கள் இடம் மாறிவிட்டன, ஒருவருடைய மனைவியை இன்னொருவருக்கு மனைவியாக்கிவிட்டேன். காலை ஒன்பது மணிக்குள் நாலு போன், அதில் இரண்டு விளம்பரப் பிரிவு வழியாக. மறுநாள் திருத்தம், வருத்தம், எல்லாம் போட்டோம். அதே இதழில் முக்கால் பக்கத்துக்கு ஆரணிப் பட்டு பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அதில் பாவு என்று வர வேண்டிய இடத்தில் ஊடை என்றும், ஊடை வர வேண்டிய இடத்தில் பாவு என்றும் மாறி வந்துவிட்டது. நீளத்துக்கு ஓடுகிற பாவு நூல் குறுக்கே ஓடுகிறது, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் நீளத்துக்கு ஓடுகிறது, அப்படி ஒரு தறி உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது. பழைய வட ஆற்காட்டுக்காரியாக இருந்துகொண்டு நானே அதைக் கவனிக்காமல் விட்டேன் என்பதுதான் எனக்கு அவமானம். அதற்கு ஒரு போன் வரவில்லை. ஒன்றே ஒன்று கூட.

வேலை நடக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முக்கியப் பேப்பர் நள்ளிரவில் அச்சுக்குப் போகும், இணைப்பிதழ் பக்கங்களை முந்தின நாளே முடித்தாக வேண்டும். அதனால் "நேற்றிரவு" என்கிற ஜிலுஜிலுப்போடு நீங்கள் பார்க்கிற பார்ட்டி நடந்து குறைந்தது இரண்டு நாளாவது ஆகியிருக்கும். பக்கத்தில் எது எங்கே என்று கட்டம் போட்ட மாதிரித் தாள், அதாவது டம்மி, வரும்போதே விளம்பரக் கட்டங்கள் அடைத்துத்தான் வரும், நகைக்கடை இங்கே, பட்டுக்கடை அங்கே, மிச்சம் இருக்கிற சந்து பொந்தில் நம்முடைய எழுத்து. எந்த விழாவுக்கு ஆள் அனுப்புவது என்று முடிவு பண்ணும்போது கேட்கிற கேள்வி, "அங்கே என்ன நடக்குது?" இல்லை, "அங்கே யார் யார் வர்றாங்க?"

இது இங்கே யாரோ புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே துணிக்கடைக்காரர்களின் விளம்பரத்தை நம்பிப் பேப்பர்கள் பெண்கள் பக்கம் என்று ஒன்று ஆரம்பித்துவிட்டன. சமையல், கல்யாணம், பெரிய வீட்டு விருந்து. 1969 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் அந்தப் பெண்கள் பக்கத்தைத் தூக்கிவிட்டு 'ஸ்டைல்' என்று புதிதாக ஒரு பகுதி கொண்டுவந்தது, ஆசிரியர் பென் பிராட்லீ, மூன்று வருடம் கழித்து, அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலைக் கிளறிய அதே ஆள். பெண்கள் பக்கம் என்றால் ஆண்கள் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஸ்டைல் என்று பெயர் வைத்தால் ஊரில் யார் யாரோடு பழகுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நினைக்கிற எல்லாரும் படிப்பார்கள். படித்தார்கள். நம் நாட்டில் டைம்ஸ் ஆஃப் இந்தியா 1994-ல் பாம்பே டைம்ஸைத் தொடங்கியது, பின்னாலேயே ஊருக்கு ஊர் ஒன்று. 2003-ல் மீடியாநெட் என்று ஓர் ஏற்பாடு வந்தது, காசு கொடுத்தால் இணைப்பிதழில் உங்களைப் பற்றிச் செய்தி மாதிரியே வரும். இதழின் பெயருக்குக் கீழே கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில் இது விளம்பரம் சார்ந்தது என்று இருக்கும். நைனா கடையில் நான் படித்த எத்தனை பேர் காசு கொடுத்து என்னிடம் வந்து சேர்ந்தார்களோ. மாவுக்கட்டு அம்மா கொடுத்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சரி, காசு கொடுக்கிறவர் ஏன் கொடுக்கிறார் என்பது புரிகிறது. படிக்கிறவர் ஏன் படிக்கிறார்? அழைப்பு வந்து அந்தப் பார்ட்டிக்குப் போனவர் படத்தை ஒரு தரம் பார்ப்பார், தான் இருக்கிறோமா, நன்றாக விழுந்திருக்கிறோமா, அவ்வளவுதான். முழுசாகப் படிப்பது அழைப்பு வராதவர்தான். எங்கள் மேசைக்கு வருகிற கடிதங்களை வைத்துச் சொல்கிறேன், அந்த ஓட்டல் எங்கே இருக்கிறது, அந்தக் கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் ஏதாவது கிடைக்குமா, இவர் அவருக்கு என்ன உறவு, இப்படிக் கேட்டு எழுதியவர்கள் முக்கால்வாசிப் பேர் சென்னைக்கு வெளியே இருந்தார்கள். அவர்களையெல்லாம் பக்கம் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை, ஆனால் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும். போன சனிக்கிழமை யார் வரவில்லை என்கிற அளவுக்கு விவரம் தெரிந்துவிட்டால் நாமும் பாதி உள்ளே இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்ததே, பழைய பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு.

அதோடு இன்னொன்றும் சேர்ப்பார்கள், புண்ணியம். வெறும் ஃபேஷன் ஷோ என்றால் பகட்டாகத் தெரியும், புற்றுநோய் நிதிக்காக ஃபேஷன் ஷோ என்றால் படிக்கிறவருக்கும் குற்ற உணர்ச்சி இல்லை, வந்தவருக்கும் இல்லை. 2015-லிருந்து ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம், அந்த வாரம் எங்கள் மேசையில் கைத்தறி இல்லாத பக்கமே இருக்காது. கட்டுகிறவர் படம் பெரிதாக வரும், நெய்தவர் படம் வந்தால் பெயர் வராது. 'ஒரு நெசவாளர்' என்று போடுவோம். இடமிருந்து வலமாக எண்ண வேண்டிய அவசியமே அங்கே வராது. நெய்தவர் பெயரைப் போடக்கூடாது என்று யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை, போட்டோகிராபரின் நோட்டில் அந்தப் பெயர் இருக்காது, நானும் கேட்டதில்லை.

இந்தத் தொழிலில் நான் மதிக்கிற ஒருத்தர் பில் கன்னிங்ஹாம். நியூயார்க் டைம்ஸில் தெருவில் போகிறவர்களின் உடுப்பையும் படம் எடுப்பார், பெரிய இடத்து விருந்தையும் எடுப்பார். தெருக்கூட்டுகிறவர்கள் போடுகிற மாதிரி ஒரு நீலச் சட்டை, சைக்கிள். விருந்துக்குப் போனால் ஒரு டம்ளர் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்க மாட்டார். 2016-ல் 87 வயதில் இறந்துபோனார். நான் அந்தச் செய்தியைப் படித்த அன்று என் மேசையில் ஒரு அழகுசாதனக் கம்பெனி அனுப்பிய பை இருந்தது, உள்ளே இரண்டு லிப்ஸ்டிக். திருப்பி அனுப்பினேனா என்று கேட்காதீர்கள்.

அதே நியூயார்க் டைம்ஸில் கல்யாண அறிவிப்புகள் பிரசித்தம். மாப்பிள்ளை எந்தக் கல்லூரி, பெண் என்ன வேலை, பெண்ணின் அப்பா எந்த நிறுவனத்தில் என்னவாக இருக்கிறார், எல்லாம் வரிசையாக இருக்கும். 2002-லிருந்து ஒரே பாலினத் தம்பதிகளின் அறிவிப்பும் வருகிறது, அப்போது அது பெரிய பேச்சானது. முதல் முறை அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, எங்கள் ஊர் லாங் பஜார் அச்சகத்துக் கல்யாணப் பத்திரிகையேதான் அது. பி.இ., எம்.பி.ஏ., ஓய்வுபெற்ற வட்டாட்சியர், இன்னாரின் பேரன், இன்னாரின் மருமகன். 'தங்கள் நல்வரவை நாடும்' என்று போட்டு அதன் கீழே இருக்கிற பட்டியலில் யார் முதலில் யார் பின்னால் என்பதை முடிவு செய்ய வீட்டில் மூன்று நாள் பஞ்சாயத்து நடக்கும், முகூர்த்த நேரத்தைப் பத்து நிமிஷத்தில் முடிவு செய்துவிடுவார்கள்.

உடுப்புச் செய்தியை அற்பமாகச் சொல்கிறவர்களிடம் எங்கள் ஊர்க்காரர்கள் 1806 வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தைச் சொல்லலாம். 1805 நவம்பரில் மெட்ராஸ் ராணுவத்துக்கு ஓர் உத்தரவு வந்தது, தொப்பி மாதிரி ஒரு புதுத் தலைப்பாகை, அதில் தோலில் செய்த ஒரு குஞ்சம், அணிவகுப்பில் திருநீறு நாமம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டை பற்றிக்கொண்டது. முந்தின நாள்தான் கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்கிற வெள்ளைக்காரத் தளபதி குதிரைப்படையோடு வந்து அடக்கிய கதை எல்லாருக்கும் தெரியும். அப்புறம் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள், படைத்தலைவரையும் கவர்னரையும் லண்டனுக்குத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். உத்தரவு மட்டும் காரணமில்லை, ஆனால் தலையில் எதை வைப்பது என்பதை ஒரு மனிதன் எவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டு போவான் என்று தெரிகிறதல்லவா. கோட்டையைச் சுற்றி வாக்கிங் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் குஞ்சம்தான் ஞாபகம் வரும்.

தமிழ் தினசரிகளில் பார்ட்டிப் பக்கம் ஏன் வரவில்லை என்று மேசையில் அடிக்கடி பேசியிருக்கிறோம். சினிமா இணைப்பு உண்டு, ஆன்மிகம் உண்டு, சிறுவர் இணைப்பு உண்டு, பெண்களுக்கு என்று கோலமும் குறிப்பும், அப்புறம் இந்து தமிழ் பேப்பரின் 'பெண் இன்று' மாதிரி கொஞ்சம் காரசாரமாகவும் உண்டு. ஆனால் யாரென்றே தெரியாத பணக்காரர் கையில் கோப்பையோடு நிற்கிற படம் கிடையாது. தமிழ்ப் பேப்பரை வீட்டில் எல்லாரும் படிப்பார்கள், பாட்டி வரைக்கும், அதனால் இருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. அந்த இடத்தை வேறு ஒன்று ஏற்கெனவே பிடித்துவிட்டது. கண்ணீர் அஞ்சலியையும் பிறந்தநாள் வாழ்த்தையும் எடுத்துப் பாருங்கள், நடுவில் ஒரு முகம், கீழே பெயர்கள், ஊர், பதவி, கட்சி, தொழில். காசு கொடுத்துத்தான் வருகிறது, யாரும் அதை ஒளிக்கவும் இல்லை. அது போதாதென்று ஃபிளெக்ஸ் வந்தது.

ஃபிளெக்ஸ் விஷயத்தில் என் அனுபவம் போன தை மாதத்தியது. சித்தப்பா மகள் கல்யாணம், காட்பாடி ரோட்டில் மண்டபம். "நீதான் பேப்பர்ல இருந்தவளாச்சே, நீயே போட்டுடு" என்று சித்தப்பா ஒரு பென் டிரைவையும், முப்பத்தி நாலு பெயர் எழுதிய ஒரு தாளையும் என் கையில் கொடுத்துவிட்டார். ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையனுக்கு இருபத்தி ரெண்டு வயசு இருக்கும். மேலே பெரியவர்கள், நடுவில் மணமக்கள், கீழே பொடிசுகள் என்று எனக்கு முன்னாலேயே கட்டம் போட்டு வைத்திருந்தான், எங்கள் மேசை டம்மிக்குக் கொஞ்சமும் குறையாது.

சிக்கல் அத்தை வீட்டு மாமா. நில விவகாரத்தில் சித்தப்பாவுக்கும் அவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை, ஆனால் சீர் கொண்டுவருவார், படம் இல்லாமல் போட முடியாது. எங்கே வைப்பது? கீழ் வரிசையில் ஓரமாக வைத்துவிடலாம் என்றேன். பையன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, அந்த எடத்த வாழமரம் மறைச்சிடும். வேணும்னே மறைச்சாங்கன்னு பெரிய சண்டையாப் பூடும். கோவமா கீறவங்கள மேல் வரிசைல இடது பக்கமா போடுங்க, வர்றவங்க மொதல்ல அங்கதான் பாப்பாங்க." இரண்டரை வருடத்தில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. மாமாவை மேல் வரிசையில் இடமிருந்து நாலாவதாக வைத்தோம், பக்கத்தில் அத்தை. முகத்தை வெளுப்பாக்கட்டுமா என்று கேட்டான், அத்தைக்கு வேண்டாம் என்றேன், மாமாவுக்குக் கொஞ்சம் ஆக்கச் சொன்னேன்.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம் மாமா வந்தார். வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற யாரையும் பார்க்கவில்லை, நேராக ஃபிளெக்ஸுக்கு முன்னால் போய் நின்று இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நாலாவதில் நின்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரிதான். எம் பேருக்குப் பின்னால பி.காம் எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் சீர்த்தட்டோடு வந்துகொண்டிருந்த அத்தை சொன்னார், "இன்னும் ரெண்டு பேப்பரு பாக்கி கீது."